அணைக்கட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரின் சிறுநீரகமும்

“நிறைஞ்சிருக்கா?”

எங்கள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் காலையிலிருந்து மதியம் வரை திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் வாசலில் நிற்கும் அக்கா. கேட்கப்படுபவர்கள் கூடத்து நாற்காலிகளில் காலோடு கால் பின்னி உட்கார்ந்திருப்பவர்கள். அடிவயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பிய பை திரையில் ஒரு கறுப்புக் குளம் போல விரியும். அதன் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் டாக்டருக்குத் தெரியும். காலிப் பை கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருண்டு கிடக்கும். ஆகவே எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்ததை அடக்க வேண்டும். அடக்கிக்கொண்டே முறை வரும்வரை மனிதர்களாகவும் நடந்துகொள்ள வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பலருக்கு முடிவதில்லை.

அக்காவுக்கு ‘அணைக்கட்டு’ என்று பெயர் வந்தது இப்படித்தான். மதகு அவர் கையில். முதலில் எக்ஸ்ரே பிரிவில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்களாம். பிறகு லேபுக்குப் பரவியது. இப்போது டீ கொண்டுவருகிறவரே “அணைக்கட்டுக்குச் சர்க்கரை கம்மி” என்று முகத்துக்கு நேரே டம்ளரை நீட்டுகிறார். அக்கா வாங்கிக் குடித்துக்கொள்கிறார். புகழ்ச்சி என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

டாக்டர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் மேஜை கதவை ஒட்டி இருக்கிறது. கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். எனவே அறையின் இருட்டும் கூடத்தின் இரைச்சலும் ஒரே நேரத்தில் எனக்குக் கிடைக்கும்.

அக்கா நர்ஸ் இல்லை. உதவியாளர். ஆனால் நோயாளிகள் டாக்டருக்குப் பயப்படுவதைவிட அவருக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். முகத்தைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால் இன்னும் கால்தான். பேச்சு நின்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தால் பாதி. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினால் முக்கால். “அக்கா, நீங்க நல்லா இருப்பீங்க” என்று வாழ்த்த ஆரம்பித்துவிட்டால் தளும்பல், உடனே உள்ளே அனுப்ப வேண்டும். இதில் பிசகும் உண்டு. ஒருமுறை தளும்பல் என்று அவர் முன்னால் அனுப்பிய பெரியவர், சுபாவத்திலேயே எல்லோரையும் வாழ்த்துகிறவராக இருந்துவிட்டார். உள்ளே பை காலி.

“நான் யாருன்னு தெரியுமா?” என்று ஒருநாள் ஒருவர் கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு கேட்டார்.

“தெரியலைங்க. ஆனா பாதிதான் ரொம்பியிருக்கு, அது தெரியுது. அந்தா கேன் இருக்கு, இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு வந்து யாருன்னு சொல்லுங்க.”

அவர் குடித்தார். முறை வரும்போது தான் யாரென்று சொல்லும் நிலையில் அவர் இல்லை.

அக்காவிடம் இரண்டே சட்டங்கள். நிறையாமல் யாரும் கதவைத் தாண்டக் கூடாது. சொந்தம் என்றால் கடைசி. இரண்டாவது சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் சித்தி மகளை வரிசைக்கு முன்னால் உள்ளே விட்டுவிட்டாராம். அந்த நேரம் பார்த்து, முறைக்குக் காத்திருந்த ஒரு வயதான கணக்கு வாத்தியாருக்கு நாற்காலியிலேயே போய்விட்டது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “தப்பு என்னோடதுதாம்மா, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றாராம். அக்கா நாற்காலியைக் கழுவினார், தரையைத் துடைத்தார், எங்கிருந்தோ ஒரு மாற்று உடுப்பு கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் சொந்தக்காரர்களுக்கு அவர் யாரோ ஆகிவிட்டார். நாத்தனார் வந்தபோது கடைசி நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில்கூட அக்கா இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. “போகட்டும் தம்பி. என் முகத்தைப் பார்க்காம இருந்தா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்தில் கண்டக்டர். ஒல்லி உடம்பு, பெரிய குரல். காலி அறையில் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று பேசுகிறவர். அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான், அடக்குவது. டெப்போவில் ஏறினால் மறு டெப்போவில்தான் இறங்குவார்.

“எந்த ஸ்டாப்புல பாத்ரூம் எப்படி இருக்கும்னு எனக்கு அத்துப்படி. அதனாலதான் எந்த ஸ்டாப்புலயும் போறதில்ல” என்பார்.

“இப்படி அடக்கி அடக்கி ஒருநாள் உடம்புக்கு வந்து நிக்கும் பாருங்க” என்று அக்கா எச்சரிப்பார்.

“ஊரையே அடக்கச் சொல்லித்தான் நீ சம்பளம் வாங்குற. என்னை மட்டும் போகச் சொல்றியா?”

வந்து நின்றது. ஒருநாள் கடும் குளிர் காய்ச்சல். இருக்கிற போர்வையெல்லாம் போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. அதோடு அடிக்கடி எழுந்து குளியலறைப் பக்கம் போய்வந்தார்.

“எங்க போறீங்க அடிக்கடி?”

“குழாய் சொட்டுதான்னு பார்த்துட்டு வந்தேன்.”

“குழாயைப் பார்த்ததுக்கா மூஞ்சி இப்படிக் கோணுது?”

எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போவது. தொற்று என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவிடம் வந்தார். அவர் சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் எழுதினார். கண்டக்டருக்குப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வெட்கம். டிக்கெட் வைக்கும் தோல்பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்தபடி லேபுக்குப் போனார். லேப்காரர் வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“எங்க சார் சாம்பிள்?”

“சத்தம் போடாதீங்க. உள்ள இருக்கு.”

“பையோட விட்டுட்டுப் போறீங்களா, இல்ல நான் டிக்கெட் வாங்கினாதான் தருவீங்களா?”

கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. எரிச்சல் நின்றது. கண்டக்டர் மறுபடியும் பேருந்தில் ஏறிக்கொண்டு, தன்னைக் குணப்படுத்தியது மாத்திரையல்ல மனோதைரியம் என்று பிரயாணிகளுக்கு விளக்க ஆரம்பித்தார். மாத்திரை முடிந்ததும் மறுபடி ஒரு பரிசோதனை. இந்த முறை சீழ் அணுக்கள் இல்லை. கிருமியும் வளரவில்லை. ஆனால் ரத்த அணுக்கள் மட்டும் அப்படியே இருந்தன. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கிக்குத் தெரிந்தது.

“பூச்சி செத்துப் போச்சுல்ல டாக்டர், அப்புறம் என்ன?” என்றார் கண்டக்டர்.

“பூச்சி போயிடுச்சு. பூச்சியோட வந்த ரத்தம்னா அதுவும் கூடவே போயிருக்கணும். ஏன் போகலைன்னு தெரியணும். கல்லா இருக்கலாம், கட்டியா இருக்கலாம், ஒன்னுமில்லாமலும் இருக்கலாம். ஒரு ஸ்கேன் பார்த்துடுங்க” என்றார் டாக்டரம்மா. மூன்றையும் ஒரே குரலில்தான் சொன்னாராம். நடுவில் இருந்த வார்த்தை மட்டும் அக்காவின் காதில் தங்கிவிட்டது. கண்டக்டரின் காதிலும் தங்கியிருக்க வேண்டும். வீடு வரும்வரை அவர் பேருந்து டயர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தாராம்.

“வலியோட ரத்தம் வந்தா காரணம் சுலபமா தெரிஞ்சுடுமாம் தம்பி” என்று அக்கா என்னிடம் சொன்னார். தண்ணீர் கேனைக் கவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார். “வலியே இல்லாம வர்றதைத்தான் விடக் கூடாதாம். இவருக்கு இப்ப ஒரு வலியும் இல்ல.” கேனுக்குள் ஒரு பெரிய காற்றுக்குமிழி எழுந்து உடைந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த விடுமுறை நாளில் கண்டக்டர் ஸ்கேனுக்கு வந்தார். சொந்தம், ஆகவே கடைசி நாற்காலி. நல்ல பிள்ளையாகத் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்த அனைவரையும் எந்த ஊர் என்று விசாரித்தார். அவர் முறை வரும் நேரத்தில் நாற்காலி காலி. சற்று நேரத்தில் நடைக்கோடியிலிருந்த கழிப்பறையிலிருந்து கைக்குட்டையில் கை துடைத்தபடி வந்தார்.

“முடியலம்மா.”

“உங்களுக்கா? முடியலையா?”

“தொற்று வந்த உடம்பு. முன்ன மாதிரி இல்ல.”

அது நியாயமாகத்தான் இருந்தது. நிறையாமல் கதவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அக்கா அவரைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறையும் அதேதான். இம்முறை கூடமே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. “பாவம்க்கா, கட்டின புருஷனைக் கடைசியில உட்கார வெச்சா மனுஷன் என்னதான் பண்ணுவாரு?” என்றாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். கண்டக்டர் தியாகி போல முகத்தை வைத்துக்கொண்டார். மூன்றாம் முறை அவர் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஊர்வலம் போவதுபோல் போய்வந்தார். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இந்தக் குட்டு உடைந்தது பேருந்தில். தங்கையைப் பார்த்துவர அக்கா ஒருநாள் வீட்டுக்காரரின் பேருந்திலேயே ஏறினார். பாதி வழியில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே சாய்ந்துவிட, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் வண்டி நின்றது. வெயில் ஏறியது. ஆண்கள் இறங்கி லாரிகளுக்கு அந்தப் பக்கம் போய்வந்தார்கள். பெண்கள் தூரத்தில் தெரிந்த ஒரு பெட்ரோல் பங்குக்குக் கூட்டமாக நடந்தார்கள். டிரைவர்கூட இரண்டு முறை போய்விட்டு வந்தார். கண்டக்டர் மட்டும் பின் படிக்கட்டில் சாய்ந்து, இரண்டாவது தண்ணீர்ப் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன செய்தித்தாளைப் பேருந்து முழுவதுக்கும் உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். “நீங்க இறங்கலையா?”

“எதுக்கு?”

“எல்லாரும் எதுக்கு இறங்குறாங்களோ அதுக்கு.”

“இதெல்லாம் ஒரு நேரமா? டெப்போ வரைக்கும் தாங்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனார். பாதி வரியில் குரல் நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“செய்தி படிச்சேன்.”

“தாங்கும்னு சொன்னீங்க. அங்க வந்து நாற்காலியில உட்கார்ந்தா மட்டும் ஏன் தாங்க மாட்டேங்குது?”

“அது ஆஸ்பத்திரித் தண்ணிம்மா. வேற மாதிரி.”

“அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒரே கம்பெனிக் கேனு!”

நடு சீட்டில் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் திரும்பி, “சார், அம்மா கேக்குறதுக்குப் பதில் சொல்லிடுங்க. வண்டி எப்படியும் இப்ப கிளம்பப் போறதில்ல” என்றார். கண்டக்டர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி வீடு திரும்பி ஷூவைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னாராம். “பார்க்காத வரைக்கும் அது கல்லுதான். நான் கல்லுன்னு முடிவு பண்ணிட்டேன். பார்த்துட்டா அப்புறம் என் கையில இல்ல.” பெரிய குரல்காரர் இதை மிக மெதுவாகச் சொன்னாராம். அக்கா பதிலுக்கு, ஷூவை ஏன் நடுவழியில் விடுகிறீர்கள் என்று கொஞ்ச நேரம் கத்தினாராம்.

மறுநாள் காலை கூடம் நிறைவதற்கு முன்பே அக்கா ஸ்கேன் டாக்டரின் முன் வந்து நின்றார். எங்கள் ஸ்கேன் டாக்டர் சன்னக் குரல்காரர். பேச்சு குறைவு. ஆனால் வேலை செய்யும்போது ஏதோ ஒரு மெட்டை மூக்குக்குள் முனகிக்கொண்டே இருப்பார்.

“டாக்டர், ஒருத்தரால அடக்கவே முடியலைன்னா, அதாவது முடியலைன்னு அவரே சொன்னா, வேற வழி ஏதாவது இருக்கா?”

“யாருக்கு?”

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர், டாக்டரம்மா எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“சிறுநீரகம், பை ரெண்டும் கேட்டிருக்காங்க. பையைப் பார்க்கத்தானே தண்ணி? சிறுநீரகம் விலாவுக்குக் கீழ முதுகை ஒட்டி இருக்கு. அதை எப்ப வேணா பார்க்கலாமே. பை ரொம்பியிருந்தா என்ன, காலியா இருந்தா என்ன?”

அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “அப்ப காலியா வந்தவரை…”

“உள்ள அனுப்பியிருந்தா பாதியாவது பார்த்திருப்பேன். மீதிக்கு இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பேன். நீங்க அனுப்பலையே. அவர் வந்தாருன்னே எனக்குத் தெரியாது.”

“ஒரு மாசம் போயிடுச்சே டாக்டர்.”

டாக்டர் சீட்டைத் திருப்பி நீட்டினார். “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. முதல் ஆளா.”

“முதல் ஆளாவா?” என்றார் அக்கா. அதைக் கேட்டபோதுதான் அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. கண்டக்டர் வழக்கம்போலக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு திறக்கும் நேரம் பார்த்து எழுந்துபோய்விட்டு, கைக்குட்டையோடு திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“போயிட்டேன்” என்றார், வருத்தம் தெரிவிக்கும் குரலில்.

“நல்லதாப் போச்சு. வாங்க உள்ள.”

“காலிம்மா. சொட்டுகூட இல்ல.”

“காலியாத்தான் வேணுமாம். வாங்க.”

கண்டக்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்ட பிரயாணியின் முகம் அது. அதற்குள் கூடம் விழித்துக்கொண்டது.

“அக்கா, இது என்ன கூத்து?” என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பேங்க்காரம்மா. அவர் கைப்பையின் ஜிப் வெகு நேரமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. “போன தடவை ஒரு நிமிஷம் முன்னாடி விடச் சொல்லி நான் கேட்டதுக்கு அந்தப் பேச்சுப் பேசினீங்க!”

“சொந்தம்னா கடைசின்னு தண்டோரா போடாத குறையா சொன்னது யாரு?” என்றார் இன்னொருவர்.

“கடைசியா வந்தவர், அதுவும் காலியா வந்தவர், முதல்ல போறாரு. இதுக்கு நான் வீட்டுலயே ஒழுங்கா போயிட்டு வந்திருப்பேன்!”

அக்கா வாசலை அடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் கை வீட்டுக்காரரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது.

“ஆமா. என் வீட்டுக்காரர்தான். வரிசையை உடைச்சுத்தான் உள்ள விடுறேன். திட்டணும்னா திட்டிக்கங்க. ஆனா உட்கார்ந்தே திட்டுங்க. வேகமா எழுந்தீங்கன்னா தளும்பிடும்.”

பாதி எழுந்திருந்தவர்கள் அப்படியே மெதுவாக உட்கார்ந்தார்கள். அறிவுரை சரியாக இருந்ததால் கோபத்தைத் தொடர முடியவில்லை.

உள்ளே இருட்டு. கண்டக்டர் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். டாக்டர் விலாவில் குளிர்ந்த களிம்பைத் தடவியதும் நெளிந்து சிரித்தார். “கூச்சம் டாக்டர். பின்னாடி சீட்டு காலியா இருக்கான்னு பார்க்குறீங்களா?”

டாக்டரின் மூக்குக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. “வலது சிறுநீரகம், அளவு இயல்பு, அமைப்பு இயல்பு” என்றார். நான் தட்டினேன். அது என் விரல்களுக்கு மனப்பாடமான வாக்கியம்.

“திரும்பிப் படுங்க.”

அக்கா கதவுக்கு உட்பக்கமாக, திரைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். அடுத்தவர் உடம்பின் உள்ளே பார்ப்பது மரியாதையில்லை என்பார். அதனால் அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் டாக்டரின் மெட்டு நடுவிலேயே நின்றதைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அது எப்போது நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. இன்னொரு தடவை.”

அளவெடுக்கும் பொத்தான் சொடுக்கும் சத்தம். மறுபடி ஒரு சொடுக்கு.

“இடது சிறுநீரகம். கீழ்ப்பகுதியில ஒரு திடமான கட்டி” என்றார் டாக்டர் என்னிடம். அளவையும் சொன்னார். ஒரு சின்ன எலுமிச்சம்பழம் இருக்கும். என் விரல்கள் தாமாகவே ‘இயல்பு’ என்று அடித்துவைத்திருந்தன. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.

“கல்லா டாக்டர்?” என்றார் கண்டக்டர்.

“கல் இல்லைங்க. ஆனா சின்னதா இருக்கு. சிறுநீரகத்துக்குள்ளயேதான் இருக்கிற மாதிரி தெரியுது. சிடி ஸ்கேன் பார்த்துட்டு உறுதியாச் சொல்லலாம்.”

“சரி” என்றார் கண்டக்டர். எழுந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தப்பான துளையில் போட்டுக்கொண்டார். அக்கா அவற்றைக் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டார். வெளியிலிருந்து, “அக்கா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும், கதவைத் திறங்க!” என்று பேங்க்காரம்மாவின் குரல் வந்தது. அக்கா கதவைத் திறந்தார்.

சிடி ஸ்கேனும் அதையே சொன்னது. அறுவை சிகிச்சை டாக்டர், கட்டியைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்றார். வெட்டியெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது என்ன ரகம், வெட்டிய ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது தெரியும். அக்கா பார்க்கிற டாக்டரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு மாதம் முன்னாலேயே பார்த்திருந்தால்? பெரிதாக வித்தியாசம் இருந்திருக்காது என்றார்கள். முடிவு வரட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் அக்காவைத் தின்றது. “மூணு தடவை வாசல் வரைக்கும் வந்த மனுஷனை நானே திருப்பி அனுப்பியிருக்கேன் தம்பி” என்றார். அவர் ஓடப் பார்த்தவர்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். “அவரு பயந்தாரு. பயந்தவங்களைத்தான உள்ள பிடிச்சுத் தள்ளணும்?” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் இறங்கக் குழாய் போட்டுக் கட்டிலோரம் பை மாட்டியிருந்தார்கள். பார்க்கப் போனபோது கண்டக்டர் அந்தப் பையைப் பெருமையாகக் காட்டினார். “பாருங்க தம்பி, அடக்கவும் வேணாம், எழுந்து போகவும் வேணாம். டிரைவருக்கு ஒன்னு, எனக்கு ஒன்னுன்னு டெப்போவுல கேக்கப் போறேன்.” பிறகு இடுப்பைத் தடவி, “இடது பக்கம் இனிமே அரை டிக்கெட்தான்” என்றார். சிரித்தால் தையல் இழுத்தது. ஆகவே சிரிக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது.

தையல் பிரிக்கும் நாளில் பரிசோதனை முடிவும் வந்துவிடும் என்றிருந்தார்கள். அக்கா விடுப்பில் இருந்தார். வாசலில் அவருக்குப் பதிலாக எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். டாக்டரின் மெட்டே அந்த வாரம் முழுவதும் சுதி தப்பித்தான் ஓடியது.

அறுவை சிகிச்சை டாக்டரின் அறை எங்கள் கூடத்தைத் தாண்டித்தான். கூடம் வரை வந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

“நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்.”

“இப்ப யாரு பார்க்க மாட்டேங்குறது?” என்றார் கண்டக்டர்.

“போங்கன்னா போங்க.”

கண்டக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். அக்கா கூடத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நீலச் சீருடை இல்லாமல், வெளியூர் போகிறவர் போல ஒரு புடவையில், முழங்காலோடு முழங்கால் சேர்த்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஜிப்பைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பருமனான அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் புதியவர். எழுந்துபோய்க் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

“குடிம்மா. ரொம்பினாத்தான் உள்ள விடுவாங்களாம். நீ புதுசா?”

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“நல்ல வேளை, இன்னைக்கு இந்தத் தம்பி நிக்குறாரு. வழக்கமா ஒரு பொம்பளை நிப்பாளாம். என் பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. ராட்சசியாம். கட்டின புருஷனையே கடைசியில உட்கார வெச்சவளாம்.”

“ஆமாங்க. கேள்விப்பட்டேன்” என்றார் அக்கா.

“அப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா, சொல்லு.”

அக்கா பதில் சொல்வதற்குள் நடைக்கோடியில் கதவு திறந்தது. கண்டக்டர் வெளியே வந்தார். மெதுவாகப் பேச வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் பழக்கம் விடவில்லை. ஆஸ்பத்திரியின் கடைசி சீட் வரை கேட்டது.

“ஓரமெல்லாம் சுத்தமாம்! ஒன்னும் மிச்சமில்லையாம்! அந்த மாசம்லாம் ஒரு கணக்கே இல்லன்னுட்டாரு! அப்பப்ப ஸ்கேன் மட்டும் பார்த்துக்கணுமாம்!”

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேகமாகத் திரும்பிய ஒருவர் உடனே கால்களை இறுக்கிக்கொண்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வாயில் வைத்து, இடையில் மூச்சே விடாமல், ஒரே மடக்கில் குடித்து முடித்தார். கொஞ்சம் கண்ணிலிருந்தும் வழிந்தது.

பருமனான அம்மாள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். “அப்படித்தான். இன்னும் ரெண்டு டம்ளர் இதே மாதிரி குடிச்சுட்டேன்னா உன்னையும் விட்டுடுவாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேனை நோக்கி நடந்தார்.